கேட்காமலே வர வேண்டிய பணம்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். தையல் யூனிட்டோ பிரிண்டிங் பட்டறையோ நடத்துபவர் அன்று மாலைக்குள் வாரக்கூலியைக் கொடுத்தாக வேண்டும். மின்கட்டணத்துக்குக் கெடு உண்டு. தவறினால் இணைப்பைத் துண்டிப்பார்கள். வங்கித் தவணைக்குக் கெடு உண்டு. 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடனில் சேரும். ஜி.எஸ்.டி.க்குக் கெடு உண்டு. பிந்தினால் வட்டி ஓடும். அவருக்கு வர வேண்டிய பணத்துக்கு மட்டும் நடைமுறையில் கெடுவே கிடையாது. "அடுத்த வாரம் பார்க்கலாம்", "எங்களுக்கே இன்னும் வரலை", "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கேன்" என்ற பதில்களோடு மாதங்கள் போகின்றன.

சட்டத்தில் கெடு இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், வாங்கியவர் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் எழுத முடியாது. இதற்கு முன்பே, 1993இல், சிறுதொழில்களுக்குத் தாமதமாகும் பணத்துக்கு வட்டி தர வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. ஆக, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் சிறுதொழிலின் பக்கம் நிற்கிறது. பணம் மட்டும் பழைய வேகத்திலேயே வருகிறது.

இதற்குக் காரணம் தண்டனை போதாமை என்று நான் நினைக்கவில்லை. நம்மிடம் உள்ள வசூல் வழிகளில் பெரும்பாலானவை, பணத்துக்கு உரியவரே போய்க் கேட்க வேண்டும், அவரே புகார் எழுத வேண்டும், அவரே வழக்கை நடத்த வேண்டும் என்ற ஏற்பாட்டில் அமைந்தவை. கேட்பதற்கு அவர் கொடுக்கும் விலை அடுத்த ஆர்டர். எனவே ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோட விரும்புகிறேன்: இந்த வழியில் பணத்தைக் கேட்பது யார்?

பாக்கி எவ்வளவு தின்கிறது

முதலில் தாமதத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 5 லட்சம் ரூபாய்க்கு பில் போடும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். 45 நாளில் பணம் வந்தால் எப்போதும் 7.5 லட்சம் ரூபாய் வெளியில் நிற்கும். 120 நாள் ஆனால் 20 லட்சம் நிற்கும். இடையில் உள்ள 12.5 லட்சத்தை அவர் எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். வங்கியில் ஓவர்டிராஃப்ட் வரம்பு முடிந்துபோனால் தனியாரிடம் போவார். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் மாதம் 25,000 ரூபாய், அதாவது அவருடைய பில் தொகையில் 5 சதவீதம், வட்டிக்கே போகிறது. கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் தொழிலில் அந்த 5 சதவீதத்தில்தான் லாபமும் நட்டமும் பிரிகின்றன.

ஜி.எஸ்.டி. இந்தச் சுமையைக் கூட்டுகிறது. 18 சதவீத வரி உள்ள பொருளை 1 லட்ச ரூபாய்க்கு விற்றால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் 18,000 ரூபாய் வரி அந்த பில்லின் பேரில் ஏறிவிடும். உள்ளீட்டு வரியைக் கழித்து மீதியைப் பொதுவாக அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டிய வரியை வாங்கியவர் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார். 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால் அந்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் திரும்பும் பணம் அரசுக்குப் போகிறது. சப்ளையர் தன் கைக்காசில் கட்டிய வரி அவருக்குத் திரும்புவதில்லை. அந்த பில் கடைசிவரை வசூலாகாமல் போனாலும் திரும்புவதில்லை.

இங்கே வாங்குபவரின் நியாயத்தையும் கேட்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர் பலருக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் 90 நாள், 120 நாள் கழித்துத்தான் பணம் அனுப்புகிறார். ஏற்றுமதிப் பணத்தை நாட்டுக்குள் கொண்டுவர ரிசர்வ் வங்கி தந்திருந்த அவகாசம் 9 மாதம். அமெரிக்காவின் கூடுதல் வரியால் ஏற்றுமதி அடிவாங்கிய பிறகு 2025 நவம்பரில் அது 15 மாதமாக நீட்டப்பட்டது. மேலே இருந்து பணம் வர 15 மாதம்கூட ஆகலாம். கீழே 45 நாளில் கொடுத்துவிட வேண்டும். இந்த இடைவெளியை நிரப்ப முதல் வேண்டும். முதல் இல்லாத ஏற்றுமதியாளர் அதைச் சாயப்பட்டறையிடமும் எம்பிராய்டரிக்காரரிடமும் தையல் யூனிட்டிடமும் வட்டியில்லாமல் எடுத்துக்கொள்கிறார். அவர் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட்டால் விஷயம் தீராது. நெருக்கடியை மேலிருந்து கீழே தள்ள எளிதாக இருக்கிறது. தள்ளுவதற்கு அவர் எந்த விலையும் கொடுப்பதில்லை. இந்த இரண்டும்தான் தாமதத்தை வழக்கமாக்கின.

நேரில் போய்க் கேட்பது

நம் ஊரின் பழைய வழி நேரில் போவது. போன் எடுக்காதவர் அலுவலகத்தில் போய் உட்கார்வது, தெரிந்தவரை விட்டுச் சொல்வது, ஆர்டர் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட்டைப் பிடிப்பது, சங்கத்தில் பேசுவது. சட்டம் படித்தவர்கள் இதை மதிப்பதில்லை. ஆனால் இன்றும் அதிகப் பணம் வசூலாவது இப்படித்தான். இதற்கு வக்கீல் செலவில்லை. உறவு முறியாது. யாருடைய நிலைமை உண்மையிலேயே மோசம், யார் சாக்குச் சொல்கிறார் என்பதைக் காகிதத்தைவிட நேர்ப்பேச்சு வேகமாகக் காட்டிவிடும். சங்கத்தில் இரண்டு மூத்தவர்கள் உட்கார்ந்து பேசினால் நான்கு தவணையில் தீர்க்க ஒப்புக்கொள்ளும் கணக்குகள் நிறைய உண்டு. ஊருக்குள் நாணயம் கெட்டுவிடும் என்ற பயம் ஒரு வலுவான பிணை.

அந்தப் பயம் ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது என்பதே இதன் குறை. ஈரோட்டுத் துணி வியாபாரியோ திருப்பூர் உள்நாட்டு ஆடை உற்பத்தியாளரோ வடமாநிலத்து மொத்த வியாபாரிக்கு ஏஜென்ட் பேச்சை நம்பிச் சரக்கு அனுப்புகிறார். அங்கே கடைப் பெயர் மாறினாலோ ஆள் இடம் மாறினாலோ சங்கப் பேச்சுக்கு வலுவில்லை. இரண்டாவது குறை, இந்த வழி சமமானவர்களுக்கு இடையில்தான் வேலை செய்கிறது. தன் வேலையில் பாதியை ஒரே பார்ட்டியிடம் வாங்கும் யூனிட்காரர் எவ்வளவு அழுத்திக் கேட்க முடியும்? அவர் கேட்கும் அளவை அடுத்த ஆர்டரின் தேவை முடிவு செய்கிறது.

பேச்சு தோற்ற இடத்தில் சிலர் ஆள் வைத்து வசூலிக்கப் போகிறார்கள். கட்டப்பஞ்சாயத்துக்காரருக்கு வசூலில் பங்கு தருவதாகச் சொல்லி ஒப்படைக்கிறார்கள். இதில் பலமும் பலவீனமும் என்று எடைபோட ஒன்றுமில்லை. மிரட்டல் குற்றம், மிரட்டியவரோடு அனுப்பியவரும் குற்றவாளி ஆவார். நியாயமான பாக்கிக்கு உரியவர் ஒரே நாளில் எதிராளியின் புகாருக்குப் பதில் சொல்பவராக மாறுகிறார். காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்து நெருக்கும் வழக்கமும் இதற்கு அருகில்தான் வருகிறது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட முடிந்தால்தான் அது மோசடி. பிறகு கொடுக்க முடியாமல் போனது சிவில் விவகாரம். சிவில் தகராறுக்குக் குற்ற வழக்கின் சாயம் பூசுவதை உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. அப்படிப் போட்ட வழக்கு ரத்தாகும்போது, போன காலம் போனதுதான்.

செக் தரும் தைரியம்

தேதி போட்ட செக்கை முன்கூட்டியே வாங்கி வைப்பது வியாபாரிகளின் அடுத்த கவசம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் செக் திரும்புவதைக் குற்றமாக்கியது. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இரண்டாண்டு வரை சிறை, செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கைத் தன் கணக்கில் போட்டவரின் வங்கிக் கிளை உள்ள ஊரிலேயே வழக்குப் போடலாம். டில்லி வியாபாரியின் செக் திரும்பினால் திருப்பூர்க்காரர் டில்லிக்கு அலைய வேண்டியதில்லை. விசாரணைக் காலத்திலேயே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட 2018 திருத்தம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது.

இவ்வளவு பலமான ஆயுதம் தன் பலத்தாலேயே மழுங்கிப்போனது. எல்லோரும் இதையே எடுத்ததால் நீதிமன்றங்கள் நிரம்பின. 2019 முடிவில் நாட்டில் நிலுவையில் இருந்த சுமார் 2.31 கோடி குற்ற வழக்குகளில் 35 லட்சத்துக்கு மேற்பட்டவை செக் வழக்குகள் என்று உச்ச நீதிமன்றமே 2021இல் பதிவு செய்து, விரைவுபடுத்த வழிமுறைகள் வகுத்தது. மேலும், செக்கை உண்மையில் யாரிடம் வாங்க முடியும்? தன்னைவிடச் சிறியவரிடமோ சமமானவரிடமோதான். பெரிய நிறுவனத்திடம் போய்ப் பின்தேதியிட்ட செக் கேட்கும் சப்ளையரை நான் கண்டதில்லை. ஆக, செக் வழக்கு சிறியவர் சிறியவரை நெருக்கும் கருவியாகவே பெரும்பாலும் பயன்படுகிறது. அதிலும் கேட்பவர், அலைபவர், வாய்தாவுக்கு நிற்பவர் பணத்துக்கு உரியவர்தான்.

திவால் சட்டம் சில ஆண்டுகள் வேறொரு நம்பிக்கை தந்தது. சரக்குக் கொடுத்தவரும் கம்பெனியைத் திவால் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம் என்று 2016 சட்டம் வழிவிட்டது. 1 லட்ச ரூபாய் பாக்கி போதும் என்றது. தீர்ப்பாய நோட்டீஸ் போனதும் பணம் வந்த கதைகள் உண்டு. 2020 மார்ச் 24இல் அந்த வரம்பு 1 கோடியாக உயர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் சிறு நிறுவனங்களே திவாலுக்கு இழுக்கப்படக் கூடாது என்பது நோக்கம். விளைவாக, 8 லட்சம், 15 லட்சம் பாக்கி வைத்திருக்கும் சாதாரண சப்ளையருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது.

கவுன்சில் என்ற நல்ல ஏற்பாடு

2006 சட்டத்தின் உயிர்நாடி குறு, சிறு தொழில் வசதியாக்கக் கவுன்சில். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை முதலிய இடங்களில் மண்டலக் கவுன்சில்கள் இருக்கின்றன. 2017 அக்டோபரில் சமாதான் இணையதளம் வந்ததிலிருந்து இணையம் வழியாகவே மனுப் போடலாம். வாங்கியவர் இந்தியாவில் எந்த ஊரில் இருந்தாலும் சப்ளையரின் ஊருக்கான கவுன்சில் விசாரிக்கலாம். முதலில் சமரசம், அது தோற்றால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும். தாமத வட்டி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கெடு தாண்டி ஆறு மாதம் நின்ற 5 லட்சத்துக்கு ஏறத்தாழ 46,700 ரூபாய் வட்டி வரும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்குபவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். நேரத்தைக் கடத்திப் பலன் பெறுவதைத் தடுக்க இதைவிடச் சிறந்த விதி நம் வணிகச் சட்டங்களில் அரிது.

வாங்கும் நிறுவனங்கள் தமக்குச் சாதகமான ஊரில்தான் நடுவர் விசாரணை என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது வழக்கம். அந்தப் பிரிவையும் இந்தச் சட்டம் மீறி நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உறுதி செய்தது. இத்தனையும் பலம்.

குறைகள் மூன்று. முதலாவது காலம். 90 நாள் என்பது ஏட்டில். கவுன்சில் மாவட்டத் தொழில் நிர்வாகத்தின் பல வேலைகளுக்கு நடுவில் கூடுகிறது. சமரசம், நடுவர் தீர்ப்பு என்ற இரு கட்டத்தையும் தனித்தனியாக நடத்தியாக வேண்டும். சமரசம் தோற்றதும் நடுவர் விசாரணை நடத்தாமலே உத்தரவு போட்டால் அது செல்லாது என்று 2021இல் ஜார்க்கண்ட் ஊர்ஜா விகாஸ் நிகம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவசரத்தில் போடும் உத்தரவு, ஆண்டுகள் கழித்து ரத்தாகும் ஆபத்து இருக்கிறது. தீர்ப்புக் கிடைத்தாலும் அதை நிறைவேற்ற நீதிமன்றத்துக்குத் தனியாகப் போக வேண்டும்.

இரண்டாவது, யாருக்கு இந்தப் பாதுகாப்பு என்ற எல்லை. நடுத்தரத் தொழிலுக்கு இல்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு வியாபாரிகளுக்கும் 2021இல் அனுமதிக்கப்பட்டாலும் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே என்று வரையறுத்தார்கள். தாமதப் பணச் சட்டம் அவர்களுக்கு எட்டாது. சரக்குக் கொடுத்த பிறகு உத்யம் பதிவு செய்தால் முந்தைய பாக்கிக்கு உரிமை வராது என்று 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்குத் தீர்ப்பு சொன்னது. பதிவு பற்றிய கேள்வி 2025இல் மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வுக்குப் போனது. சட்டம் தெளியும் வரை, பதிவில்லாமல் சரக்குக் கொடுப்பவர் தன் உரிமையைப் பணயம் வைக்கிறார்.

மூன்றாவது குறைதான் ஆழமானது. இந்தச் சட்டத்தின் எல்லைகளைத் தீர்மானித்த வழக்குகளில் பணம் கொடுக்க வேண்டியவர் யார் என்று பாருங்கள். சில்பி வழக்கில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம். மகாகாளி வழக்கில் குஜராத் மாநிலக் குடிமைப் பொருள் கழகம். ஊர்ஜா விகாஸ் நிகம் வழக்கில் ஜார்க்கண்ட் மின் நிறுவனம். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா என்ற கேள்வியை 2025 ஜனவரியில் பெரிய அமர்வுக்குக் கொண்டுசென்ற வழக்கில் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம். சிறுதொழிலைக் காப்பாற்றும் சட்டத்துக்கு எதிராக அரசு நிறுவனங்களே உச்ச நீதிமன்றம் வரை வழக்காடியிருக்கின்றன. பொதுப்பணத்தில் வக்கீல் வைத்துக்கொள்ளும் அதிகாரிக்குத் தாமதத்தால் சொந்த நட்டம் ஏதுமில்லை. எதிரில் நிற்கும் பட்டறைக்காரருக்கு ஒவ்வொரு வாய்தாவும் நட்டம். அதனால்தான் கவுன்சிலில் பெரும்பாலும் நடப்பது, சட்டம் கொடுத்த வட்டியை விட்டுக்கொடுத்து அசலை மட்டும் வாங்கிக்கொள்ளும் சமரசம். வட்டி விட்டுப்போகும் என்று முன்பே தெரிந்த வாங்குபவருக்குத் தாமதம் இலவசக் கடனாகவே இருக்கிறது.

ஆடிட்டர் கேட்கத் தொடங்கியபோது

2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு தொழிலுக்கு 15 அல்லது 45 நாள் கெடுவைத் தாண்டிய பாக்கியை, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். 2024 மார்ச் 31 நெருங்கியபோது இதன் பலம் தெரிந்தது. வருடக்கணக்கில் கேட்டும் வராத பணம் அந்த மார்ச்சில் வந்ததாகச் சொன்ன சப்ளையர்கள் பலர். வாங்குபவரின் ஆடிட்டரே "இந்தப் பாக்கியைத் தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வரி ஏறும்" என்றார். புகார் இல்லை, வழக்கு இல்லை, உறவு கெடவில்லை. கேட்கும் வேலை முதல்முறையாகச் சப்ளையரின் தோளிலிருந்து இறங்கியது. நான் மேலே வைத்த கேள்விக்கு இந்த விதி தந்த பதில்தான் மற்ற எல்லா வழிகளிலிருந்தும் இதை வேறுபடுத்துகிறது.

அதே மார்ச்சில் எதிர்விளைவும் வந்தது. சூரத் ஜவுளி வியாபாரிகள் விதியை ஒத்திவைக்கக் கோரினார்கள். உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, ஆர்டர் தருகிறேன் என்று சப்ளையர்களிடம் கேட்ட வாங்குபவர்கள் உண்டு. பதிவுள்ளவரை விட்டுப் பதிவில்லாதவரிடம் போகும் வாய்ப்பை விதியே திறந்துவைத்தது. பாதுகாப்பைப் பதிவு என்ற மெல்லிய நூலில் கட்டினால், பலமுள்ளவர் அந்த நூலைத்தான் அறுப்பார்.

விதியின் உள்ளேயும் ஓட்டைகள் உண்டு. ஜூனில் கொடுக்க வேண்டியதை அடுத்த மார்ச்சுக்குள் கொடுத்துவிட்டால் வாங்கியவருக்கு வரி நட்டம் இல்லை. ஒன்பது மாதத் தாமதத்துக்கு எந்த விலையும் இல்லை. அடுத்த ஆண்டு கொடுத்தால் அப்போது செலவாகக் காட்டலாம் என்பதால் வரி முழுக்கப் போய்விடுவதும் இல்லை, தள்ளிப்போகிறது. வருமான வரி கட்டாத அரசுத் துறைகளை இந்த விதி தொடவே தொடாது. ஆக, மார்ச் மாதத்துக்கு மட்டும் கூர்மையான ஆயுதம் இது. மற்ற பதினொரு மாதங்களுக்கு வேறு வழி வேண்டும்.

பில்லை விற்பது

அந்த வேறு வழியாக முன்வைக்கப்பட்டது டிரெட்ஸ் என்ற பில் விற்பனை ஏற்பாடு. 2014இல் ரிசர்வ் வங்கி விதிமுறை வகுத்தது. 2017இல் தளங்கள் இயங்கத் தொடங்கின. சப்ளையர் தன் பில்லைத் தளத்தில் ஏற்றுவார். வாங்கியவர் ஒப்புக்கொள்வார். வங்கிகள் போட்டியிட்டு விலை கேட்கும். சில நாளில் தள்ளுபடி போகப் பணம் கையில் வரும். வாங்கியவர் பிறகு பணம் கட்டாவிட்டாலும் வங்கி சப்ளையரைத் துரத்த முடியாது. வட்டி விகிதம் வாங்கியவரின் நாணயத்தைப் பொறுத்து அமைவதால், நல்ல கம்பெனியின் பில் என்றால் சப்ளையர் தனியாகக் கடன் வாங்குவதைவிடக் குறைவாகவே வெட்டு விழும். விற்றுமுதல் 500 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் சேர வேண்டும் என்றிருந்தது; 2024 நவம்பரில் அது 250 கோடியாகக் குறைக்கப்பட்டது.

ஏற்பாடு அருமையானது, ஆனால் அதன் சாவி வாங்குபவரின் கையில் இருக்கிறது. தளத்தில் சேருவது கட்டாயம். பில்லை அங்கே ஒப்புக்கொள்வதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒப்புக்கொண்ட நாளிலிருந்து கெடு ஓடத் தொடங்கும், தவறினால் வங்கியிடம் பெயர் கெடும் என்பதால் தயங்குகிறார்கள். ஏற்றுமதி நிறுவனத்துக்கு வேலை செய்யும் யூனிட், அந்த யூனிட்டுக்கு காஜா, பட்டன் வேலை செய்யும் சின்னப் பட்டறை என்று சங்கிலி கீழே இறங்க இறங்க 250 கோடி வரம்பு எட்டுவதே இல்லை. அடித்தட்டில் உள்ளவருக்கு டிரெட்ஸ் என்ற பெயரே தெரியாது.

சப்ளையர் பக்கக் கடமை

இதுவரை சொன்னதால் சப்ளையரின் பக்கம் குறையே இல்லை என்று ஆகாது. வாய்ச்சொல்லில் ஆர்டர் எடுப்பது, ரேட்டைப் பேசி முடிக்காமல் வேலை தொடங்குவது, டெலிவரி சலானில் சீல் வாங்காமல் வருவது, வருடக்கணக்கில் கணக்குச் சரிபார்க்காமல் விடுவது ஆகியவை நம் பட்டறைகளில் சர்வசாதாரணம். தகராறு வரும் நாளில் இவைதான் காலை வாரும். சில பழக்கங்களை முதல் பில்லிலேயே தொடங்கினால் யாரையும் பகைக்காமல் கேட்க முடியும்.

சரக்கு வாங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். நான்கு மாதம் கழித்து, "டேமேஜ்", "ஷார்ட்டேஜ்" என்று டெபிட் நோட் அனுப்பி பில்லை வெட்டும் வழக்கத்துக்கு இது நேரான பதில். இதற்குத் தேவை, சரக்குப் போன நாளைக் காட்டும் ஒரு சீல். பில்லின் அடியில் உத்யம் எண்ணும் கெடு தேதியும் இருந்தால் வாங்கியவரின் ஆடிட்டருக்கு அது தானாகவே கண்ணில் படும். பாக்கியைக் கேட்க நீதிமன்றத்தில் உள்ள காலவரம்பு மூன்று ஆண்டு. அதற்குள் வாங்கியவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைக் கொடுத்ததற்கு எழுத்துச் சான்று இருந்தாலோ காலம் புதிதாகத் தொடங்கும். எனவே ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு ஒப்புதல் கடிதம் வாங்குவதை மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே நினைவூட்டுவதும் அப்படித்தான். கெடு தாண்டிய பிறகு கேட்பது சண்டையாகத் தெரியும். முன்பே நினைவூட்டுவது வழக்கமாகிவிடும். ஒரே பார்ட்டியிடம் எவ்வளவு பாக்கி நிற்கலாம் என்ற வரம்பைத் தானே போட்டு, அதைத் தாண்டினால் அடுத்த லோடை நிறுத்தும் உறுதி எல்லாவற்றையும்விட முக்கியம். வேலையில் பாதியை ஒருவரிடமே வாங்குபவருக்கு இது கடினம் என்று தெரியும். அப்படி ஒருவரையே நம்பி நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதையும் இந்தக் கணக்குத்தான் காட்டுகிறது.

கேட்க வேண்டியவர் கேட்கட்டும்

ஆனால் தனி ஒழுங்கால் மட்டும் இது தீராது. எடைபோட்டதில் எனக்குத் தெரிவது இதுதான். சப்ளையர் கேட்க வேண்டியிருக்கும் வழிகள் எவ்வளவு கூர்மையானவையாக இருந்தாலும் உறவு முறிந்த பிறகே பயன்படுகின்றன. அப்போது வரும் பணம் கடைசிப் பணமாக ஆகிவிடுகிறது. வேறொருவர் கேட்கும் வழிகள், மார்ச் மாத ஆடிட்டரின் கேள்வியைப் போல, மென்மையானவையாக இருந்தும் பணத்தை நகர்த்துகின்றன. சீர்திருத்தம் போக வேண்டிய திசை இதிலிருந்தே தெளிவாகிறது.

அதற்கான கருவி அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் மின்னணு பில் போடுவது கட்டாயம். 2024 அக்டோபர் முதல் ஜி.எஸ்.டி. தளத்திலேயே வாங்கியவர் ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், மறுக்கலாம். பில் போட்ட தேதி, தொகை, ஏற்ற தேதி மூன்றும் அரசுக்குத் தெரியும். தெரியாதது பணம் கொடுத்த தேதி ஒன்றே. அதையும் வாங்கியவர் பதிவு செய்ய வேண்டும் என்று ஆக்கினால், 46ஆம் நாள் தளமே தாமதத்தைக் குறித்துவிடும். அந்தக் குறியை வைத்து ஒவ்வொரு காலாண்டிலும் உள்ளீட்டு வரி வரவை நிறுத்தலாம்; இப்போதுள்ள 180 நாளை 45ஆகக் குறைத்தாலே பாதி வேலை முடியும். மேலே தாமதமாகப் பணம் வரும் ஏற்றுமதியாளருக்கு, அந்த இடைவெளியை நிரப்ப வங்கிக் கடனை எளிதாக்க வேண்டும்; அந்த வேலையைச் சாயப்பட்டறை செய்யக் கூடாது. அரசு நிறுவனங்கள் கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு போகும் முன் துறைச் செயலாளர் அளவில் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி வந்தால் பாதி வழக்குகள் தொடங்கவே தொடங்காது. பணம் வராத பில்லுக்கு வரி கேட்பதையும் நிறுத்த வேண்டும். பிரிட்டனில் ஆறு மாதம் ஆகியும் வசூலாகாத பில்லுக்குக் கட்டிய மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. இங்கே அது முடியாது என்பதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம், வியாபாரத்தில் அரசு இவ்வளவு தலையிடலாமா என்பது. ஒவ்வொரு பில்லிலும் வரியைக் குறித்த நாளில் வாங்கிக்கொள்ளும் அரசு ஏற்கெனவே அந்த வியாபாரத்துக்குள்தான் இருக்கிறது. தன் பங்குக்கு மட்டும் கெடு வைத்துவிட்டு, உழைத்தவரின் பங்கை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவதுதான் நடுநிலை தவறியது. சிறுதொழிலுக்குச் சலுகைக் கடன்களும் மானியங்களும் தேவைதான். அவற்றுக்கு முன், அது வேலை செய்து முடித்து, பில் போட்டு, வரியும் கட்டிவிட்ட பணம் 45 நாளில் அதன் கணக்குக்கு வந்து சேர வேண்டும். அதற்காக எந்தச் சப்ளையரும் தன் அடுத்த ஆர்டரைப் பணயம் வைக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.